மிஸ்டர் ஏ சாப்பிட்ட மீன்

மக்கா,

‘அன்புள்ள’ என்று தொடங்கக் கை வரவில்லை. அன்பு இல்லாமல் இல்லை, அது எங்கே போய்விடப் போகிறது. ஆனால் அதன் மேல் ஓர் அருவருப்பு ஏறி உட்கார்ந்துகொண்டு இறங்கமாட்டேன் என்கிறது. நீ அடுத்த வாரம் விமானம் ஏறுகிறாய். நேற்று பெட்டி கட்டிக்கொண்டே சொன்னாய்: “அம்மா, ஒனக்கும் மறதி தொடங்கியாச்சுன்னு டாக்டர் சொல்லிட்டாருல்லா. பொறவு ஒனக்கு என்ன செய்யணும், என்ன செய்யக்கூடாதுன்னு இப்பமே எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தந்திரு. முடிவெடுக்க வேண்டியது நான்தானே.” நான் பதில் சொல்லாமல் புளி கரைக்கப் போய்விட்டேன். அந்தப் பதில்தான் இது. நாளை உன் முகமே எனக்கு அடையாளம் தெரியாமல் போகும்போது, என் வாயில் எதை வைப்பது, எதை வைக்கக்கூடாது என்று தீர்மானிக்கிற அதிகாரத்தை உன்னிடம் கொடுக்கலாமா? இதைத்தான் நான் யோசித்துக்கொண்டிருக்கிறேன். பெற்ற மகனிடம் கொடுக்க யோசிக்கிறாளே என்று நாலு பேர் சொல்வார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும். நம் வீட்டுச் சாப்பாட்டு மேசையை நீ ஒரு ஹால் நிறைய ஆட்களுக்கு முன்னால் கொண்டுபோய்ப் போட்டாய், அதனால் நானும் இதை உறையில் ஒட்டி உன்னிடம் தராமல் பத்திரிகைக்கு அனுப்புகிறேன். நம் பெயர் எதையும் போடவில்லை. பெயர் போடாவிட்டால் குற்றமில்லை என்று நீதானே சொன்னாய்.

படிக்கிறவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். நான் இந்தத் திருவனந்தபுரத்தில் ஒரு பெண்கள் கல்லூரியில் தத்துவம் கற்பித்து ஓய்வு பெற்றவள். உன் அப்பாவுக்கு ஆரியசாலையில் வற்றல் மிளகாய் மொத்த வியாபாரம். நாஞ்சில் நாட்டிலிருந்து வந்து கடை போட்ட குடும்பம், பரம்பரையாகச் சைவம். சைவம் என்றால் சும்மா சைவம் இல்லை. மீன்காரன் ஸ்கூட்டரில் ஹார்ன் அடித்துக்கொண்டு தெருவில் நுழையும்போதே உன் அப்பா எழுந்து போய் ஜன்னலைச் சாத்துவார். கடைக்கு வருகிற மலையாளி வியாபாரிகள் ஹோட்டலுக்கு அழைத்தால், மீன் வறுத்த எண்ணெயில் பப்படம் பொரித்திருப்பார்கள் என்று சொல்லி வெறும் மோர் குடித்துவிட்டு வருவார். நீ ஹாஸ்டலில் முட்டை தின்றாய் என்று தெரிந்தபோது ஒரு மாதம் உன்னிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. அப்படிப்பட்ட மனிதர். அவரைக் கட்டிக்கொண்டு, அவர் பிடிவாதத்தைச் சகித்துக்கொண்டு, சில நாள் அவரைத் திட்டித் தீர்த்துக்கொண்டு வாழ்ந்தவள் நான். அவரைத் தெய்வமாக்க இதை எழுதவில்லை.

மறதி தொடங்கியது கடையில்தான். ஒரே ஆளுக்கு இரண்டு தடவை சரக்கு அனுப்பினார், கொடுத்ததை இல்லை என்று சாதித்தார். டாக்டர் நோயின் பெயரைச் சொன்ன அன்று சாயங்காலம் நம் இரண்டு பேரையும் முன்னால் உட்கார வைத்து, “நான் என்ன ஆனாலும் சரி, என் வாயில மீனு மாமிசம் படப்பிடாது. நானே கேட்டாலும் தரப்பிடாது, கேட்டியளா” என்றார். நானே கேட்டாலும் என்றார், மக்கா. பிற்பாடு அந்த ஹாலில் நீங்கள் போட்ட சர்ச்சை முழுவதும் அந்த ஒரு சொல்லுக்குள் அடங்கியிருக்கிறது. நீ அவர் கையைப் பிடித்துக்கொண்டு சரி என்றாய். நானும் சரி என்றேன். பிறகு நீ உன் தத்துவ ஆராய்ச்சிக்கு வடக்கே போய்விட்டாய், நான் அவரோடு இங்கே இருந்தேன்.

அதன் பிறகு நடந்ததெல்லாம் உனக்குத் தெரியும், ஏனென்றால் நான்தான் உனக்குச் சொன்னேன். சாயங்காலம் தவறாமல் போன் செய்வாய். அப்பா இன்று என்ன செய்தார், என்ன பேசினார், யாரை அடையாளம் தெரிந்தது என்று ஒவ்வொன்றாகக் கேட்பாய். அவர் வீட்டை விட்டுக் காணாமல் போய், பழவங்காடிப் பிள்ளையார் கோவில் வாசலில், விடலை போட்டு உடைத்த தேங்காய்ச் சில்லுகளைப் பொறுக்கித் தின்றுகொண்டிருந்தாரே, அவரைத் தெரிந்த சாலை பஜார்க் கடைக்காரர்கள் ஆட்டோவில் ஏற்றிக் கொண்டுவந்து விட்டார்களே, அன்று நான் அழுதுகொண்டு சொன்னபோது நீ கேட்டாய்: “தெரிஞ்சவங்க பாத்தப்போ அப்பாக்கு வெக்கமா இருந்துதா அம்மா? மொகம் எப்படி இருந்துது?” என் பிள்ளைக்குத் தகப்பன் மானத்தின் மேல் எவ்வளவு அக்கறை என்று நினைத்தேன். வெட்கமெல்லாம் இல்லை மக்கா, சிரித்துக்கொண்டுதான் இருந்தார் என்று சொன்னேன். பக்கத்து வீட்டு ஷைலஜாவிடம்கூடப் பெருமை அடித்தேன், “எம் பிள்ளை அங்க இருந்தாலும் மனசு இங்கதான் கெடக்கு” என்று. த்தூ, என் புத்தியைச் சொல்ல வேண்டும்.

பிறகு அவர் சாப்பிடுவதை நிறுத்தினார். எதைக் கொண்டுபோனாலும் உதட்டை இறுக்கிக்கொள்வார். ரசம் சாதத்தைத் துப்பினார். கஞ்சியைத் தட்டிவிட்டார். கன்னம் ஒட்டி, வேட்டி இடுப்பில் நிற்காமல் போயிற்று. அப்போதுதான் ஷைலஜா வீட்டிலிருந்து சாளை மீன் கறி கொதிக்கிற வாசம் வந்தது. நாற்பது வருஷம் ஜன்னலைச் சாத்திய மனிதர் மூக்கை உயர்த்தி மோந்து பார்த்து, “அது என்னது? எனக்கு அது வேணும்” என்றார். நான் பேச்சை மாற்றினேன். மறுநாளும் கேட்டார், குழந்தை மாதிரி அழுதுகொண்டு கேட்டார். நம் சமையல்கட்டின் பின்பக்கம் வந்து ஷைலஜா சொன்னாள்: “டீச்சரே, கொறச்சு எடுத்துத் தரட்டே? பாவம், ஆள் ஒண்ணும் கழிக்குந்நில்லல்லோ.” அவர் ஒன்றும் சாப்பிடாமல் கிடப்பது அவளுக்கே பொறுக்கவில்லை. நான் வேண்டாம் என்றேன். ராத்திரி அவர் விலா எலும்பைத் தடவிப் பார்த்தேன். அடுத்த நாள் நானே போய் வாங்கி வந்தேன். முள் எடுத்து, சோற்றில் பிசைந்து, இந்தக் கையால் ஊட்டினேன். தின்றார். விரலைச் சப்பித் தின்றார். அன்று சாயங்காலம் உனக்குப் போன் செய்தபோது, வாக்கை மீறிவிட்டேன் மக்கா என்று அழுதேன். நீ, “அவர் எப்படிக் கேட்டார்? சரியா என்ன வார்த்தை சொன்னார்?” என்றாய். உனக்கும் தாங்கவில்லை போலிருக்கிறது, அதனால்தான் குரல் அப்படி வறண்டு போயிருக்கிறது என்று நினைத்தேன். நீ எழுதிக்கொண்டிருந்திருக்கிறாய்.

அவர் போய் வருஷத் திதியும் கழிந்த பிறகு நீ ஊருக்கு வந்தாய். வெளிநாட்டில் வேலை கிடைத்திருக்கிறது, அதை வாங்கித் தந்த பேப்பரையே இங்கே ஒரு கருத்தரங்கில் வாசிக்கிறேன், அம்மா நீ கட்டாயம் வரவேண்டும் என்றாய். நகரத்துக்கு வெளியே, கழக்கூட்டம் என்கிற ஊர்ப் பக்கம். ஐடி கம்பெனி பஸ்களுக்கு நடுவே ஆட்டோவில் ஊர்ந்து, நல்ல சேலை உடுத்திக்கொண்டு வந்தேன். என் பழைய மாணவி ஒருத்தி, இப்போது எங்கோ அசிஸ்டென்ட் புரொபசர், ஓடி வந்து என்னை முன்வரிசையில் உட்கார வைத்தாள். உனக்கு முன்னால் பேசியவர் இன்னும் பத்தாயிரம் வருஷம் கழித்துப் பிறக்கப் போகிறவர்களுக்கு நம் கணக்கில் எவ்வளவு எடை போட வேண்டும் என்று பேசினார். அதற்கு முன்னால் பேசியவர், கம்ப்யூட்டர் தனக்கு வலிக்கிறது என்று சொன்னால் நம்ப வேண்டுமா என்று பேசினார். கேட்கச் சுவாரசியமாகத்தான் இருந்தது, பொய் சொல்வானேன். நான் பாடம் எடுத்த காலத்தில் இதெல்லாம் இல்லை. பிறகு நீ எழுந்தாய். எல்லோர் கையிலும் ஒரு தாள் கொடுத்தார்கள்.

அந்தத் தாளில் உன் அப்பா இருந்தார். ‘மிஸ்டர் ஏ, ஆயுள் முழுவதும் கொள்கைப்படி சைவம்.’ நான் ‘பி, பராமரிப்பாளர்.’ பழவங்காடி இருந்தது, ‘ஒரு பொது இடத்தில்’ என்று. ‘மிஸ்டர் ஏ வெட்கத்தின் அறிகுறி எதையும் காட்டவில்லை, ஆகவே பழைய மதிப்பீடுகளோடு அவருக்கு உள்ள தொடர்பு அறுந்துவிட்டது என்று கொள்ளலாம்.’ நான் அழுதுகொண்டு சொன்னதுதான், மக்கா. என் கண்ணீரைத் துடைத்துவிட்டுத் தகவலை மட்டும் எடுத்துக்கொண்டாய். எரிகிற வீட்டில் பிடுங்கியது லாபம் என்று கேள்விப்பட்டிருக்கிறேன், சொந்த வீடு எரியும்போது பிடுங்குகிறவனை அன்றுதான் பார்த்தேன். தாளின் அடியில், பொடி எழுத்தில், ‘பயனுள்ள உரையாடல்களுக்காக பி-க்கு நன்றி’ என்று வேறு போட்டிருந்தாய். பக்கத்தில் இருந்த மாணவி என் கையை அழுத்தி, “டீச்சர்டெ மோன் கலக்கியல்லோ!” என்றாள். அவளுக்கு ஒன்றும் தெரியாது. நான் தாளை நாலாக மடித்துக் கைப்பைக்குள் வைத்தேன்.

அதற்கப்புறம் விவாதம். ஒரு கட்சி, மிஸ்டர் ஏ தெளிவாக இருந்தபோது சொன்னதுதான் செல்லும், பி அவருக்குத் துரோகம் செய்துவிட்டாள் என்றது. இன்னொரு கட்சி, அந்தப் பழைய ஏ இப்போது இல்லை, எதிரே பசியோடு உட்கார்ந்திருப்பவர் புது ஆள், செத்தவன் போட்ட கட்டளையை வைத்து இருக்கிறவனைப் பட்டினி போடலாமா என்றது. இரண்டும் ஒதுக்க முடியாத வாதங்கள்தான். இரண்டையும் நான் ராத்திரி பகலாக எனக்குள்ளேயே பேசித் தீர்த்தவள். ஆனால் அந்த ஹாலில் யாருக்கும் பதில் வேண்டியிருக்கவில்லை. ஒருவன் சொன்னதை அடுத்தவன் கவிழ்க்க வேண்டும், அவ்வளவுதான். “என் உள்ளுணர்வு அப்படிச் சொல்லவில்லையே” என்றான் ஒருவன். உள்ளுணர்வாம்! ஏசிக்கு அடியில் உட்கார்ந்து பருப்பு வடையும் டீயும் உள்ளே போன பிறகு வருகிற உணர்வு. சோயாவில் செய்த போலி மீனைக் கொடுத்து மீன் என்று சொல்லியிருந்தால் இரண்டு ஏ-க்களும் திருப்திப்பட்டிருப்பார்களே என்றான் இன்னொருவன். ஹால் சிரித்தது. நீ சிரித்துக்கொண்டே, “அருமையான கேள்வி” என்று குறித்துக்கொண்டாய்.

அதையும் பொறுத்துக்கொண்டேன். மத்தியானச் சாப்பாட்டுக்கு வரிசையில் நின்றோம். மீன் வறுவல் இருந்தது. சோயாக்காரன் ஒரு துண்டை எடுத்துத் தூக்கிக் காட்டி, மிஸ்டர் ஏ இருந்திருந்தால் இன்று ஒரு பிடி பிடித்திருப்பார் என்றான். அவனுக்குத் தெரியாது, அவனை விட்டுவிடு. உனக்குத் தெரியும். எனக்கு இரண்டு ஆள் தள்ளி நின்றுகொண்டு, கையில் தட்டோடு, நீயும் அவர்களோடு சேர்ந்து சிரித்தாய். நான் தட்டை அப்படியே வைத்துவிட்டு வெளியே வந்து ஆட்டோ பிடித்தேன்.

சாயங்காலம் நீ வீட்டுக்கு வந்தாய். “ஏம்மா பாதியில எந்திச்சுப் போயிட்ட?”

“சாப்பாடு எறங்கல.”

“அது உண்மையில நடந்ததுன்னே அங்க யாருக்கும் தெரியாதும்மா. அப்பா பேரு, கடை பேரு, ஊரு பேரு ஒண்ணுமே கெடையாது. எல்லாத்தையும் எடுத்தாச்சு.”

“அதைத்தாம்லே நானும் சொல்லுகேன். பேரு போச்சு, கடை போச்சு, ஊரு போச்சு. மிச்சம் என்னத்த வச்ச? ஒரு வாயும் ஒரு துண்டு மீனுமா?”

“நீதானம்மா எதையும் கேள்வி கேக்கணும்னு சொல்லித் தந்த?”

“சொல்லித் தந்தேன். தட்டக் கையில வச்சுக்கிட்டு தகப்பனப் பாத்துச் சிரிக்கவும் நானா சொல்லித் தந்தேன்?”

நீ உன் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாய். உண்மைதான், எனக்கும் இதில் பங்கு உண்டு. உனக்குப் பத்து வயதில் இட்லி தின்னும்போதே, ஓடுகிற வண்டி, தண்டவாளத்தில் ஐந்து பேர், ஒரு பக்கம் ஒருத்தன், யாரைக் காப்பாற்றுவாய் என்று கேட்டு விளையாடியவள் நான். நீ டக்கென்று பதில் சொன்னால் கூடக் கொஞ்சம் சட்னி ஊற்றுவேன். உன் அப்பா, “சின்னப் பிள்ளைட்ட சாவுக் கணக்கா கேக்குது?” என்று முகம் சுளிப்பார். கடைக்காரருக்கு என்ன தெரியும் என்று நாம் இரண்டு பேரும் கண்ணைக் காட்டிச் சிரித்திருக்கிறோம்.

உன் பேப்பரில் ஒரு விஷயம் விட்டுப்போயிருக்கிறது. உன்னைக் குற்றம் சொல்ல முடியாது, அதை நான் போனில் சொல்லவில்லை. நான் மீன் ஊட்டிய அன்று, முதல் கவளத்தைத் தின்று முடித்ததும் அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். என் பெயர் அவருக்குத் தெரியாது, நான் யார் என்று தெரியாது, சில நாள் என்னை ‘ஆஸ்பத்திரிப் பொண்ணு’ என்றுதான் கூப்பிட்டார். ஆனால் என் கையைத் தட்டைப் பார்க்கத் திருப்பி, “ஏட்டி, நீ சாப்பிட்டாச்சா?” என்றார். கல்யாணமான மறுநாளிலிருந்து, என்ன சண்டை நடந்தாலும், அதைக் கேட்காமல் அந்த மனிதர் இரண்டாவது கவளம் எடுத்ததில்லை. நான் இல்லை என்றேன். அப்படியானால் நீ தின்னு என்று என் கையை என் வாய்க்கே தள்ளினார். நான் தின்னும்வரை வாயைத் திறக்கவில்லை. தின்றேன், மக்கா. சாளை மீனும் சோறும். விழுங்கிக் காட்டினேன், அதன் பிறகுதான் அவர் வாய் திறந்தது. அவரைப் படுக்க வைத்துவிட்டுப் பின்பக்கம் போய்க் கிணற்றடியில் குடல் வெளியே வருகிற மாதிரி வாந்தி எடுத்தேன். ஷைலஜா முதுகைத் தடவிவிட்டாள். அதற்குப் பிறகும் பல நாள் அப்படித்தான், அவருக்கு ஒரு கவளம், எனக்கு ஒரு கவளம், பிறகு கிணற்றடி. இன்றுவரை எனக்கு மீன் என்றால் அருவருப்புதான். ஆனால் உங்கள் மத்தியானச் சாப்பாட்டு வரிசையில் வந்த அருவருப்புக்கு முன்னால் அதெல்லாம் ஒன்றுமே இல்லை.

நான் செய்தது சரியா? தெரியவில்லை. கொடுத்த வாக்கை மீறினேன், அது உறுத்திக்கொண்டுதான் இருக்கிறது, சாகும்வரை உறுத்தும். பழைய ஆளா புது ஆளா என்று இரண்டு கட்சியாகப் பிரிந்து கத்தினீர்களே, எனக்கு ஒரே ஆள்தான் தெரிந்தார். ஜன்னலைச் சாத்தியவரும் அவர்தான், மீன் கேட்டு அழுதவரும் அவர்தான். அதை நிரூபிக்க என்னால் ஆகாது. நிரூபித்தால்தான் நம்புவேன் என்றால் நம்பாதே. இந்த இடத்தைப் படிக்கும்போது உன் கை பேனாவைத் தேடினால், ‘மிஸ்டர் ஏ-யின் பழக்கத் தொடர்ச்சி’ என்று ஒரு புது வாதம் உன் தலையில் ஓடினால், தயவுசெய்து எழுந்து போய் முகத்தைக் கழுவு.

இப்போது நீ கேட்டதற்கு வருகிறேன். நான் எதையும் எழுதிக் கையெழுத்துப் போடமாட்டேன். உன் அப்பா வாயால் சொன்னதையே காப்பாற்ற முடியாதவள் நான், என் கையெழுத்தை உன் தலையில் சுமத்த எனக்கு மனம் வரவில்லை. அன்றைக்கு நான் என்ன கேட்பேனோ, மீனோ, மண்ணோ, யார் கண்டது. முடிவெடுக்கிற அதிகாரத்தை உனக்கும் தரவில்லை, ஷைலஜாவுக்கும் தரவில்லை. பிசைந்து ஊட்டுகிறவர் யாரோ அவர் முடிவெடுக்கட்டும். துப்பினால் முகத்தைத் துடைத்துக்கொண்டு மறுபடியும் ஊட்டுகிறவருக்கு எது சரி என்று தோன்றுகிறதோ, அது எனக்குச் சம்மதம். தப்பாகவே போனாலும் சம்மதம். தொலைவில் இருந்துகொண்டு போனில் ‘எப்படிக் கேட்டாள், என்ன வார்த்தை சொன்னாள்’ என்று விசாரிக்கிறவருக்கு அதில் பேச்சே கிடையாது, அவர் என் வயிற்றில் பிறந்தவராக இருந்தாலும்.

பிசைகிற கை உன்னுடையதாக இருக்க வேண்டும் என்றுதான் ஆசை. இவ்வளவு திட்டிய பிறகும் ஆசை அதுதான், வெட்கமில்லாமல் சொல்கிறேன். இன்றே வா என்று சொல்லவில்லை. போ, வேலையில் சேர், நல்ல பெயர் எடு. டாக்டர் எனக்கு இன்னும் கொஞ்ச காலம் இருக்கிறது என்கிறார். அந்தக் காலம் முடிந்து, நான் சோற்றைத் துப்பத் தொடங்கிவிட்டேன் என்று ஷைலஜா உனக்குப் போன் செய்கிற அன்றைக்கு, வேலையைப் போட்டுவிட்டு இந்த வீட்டுக்கு வருவாயா, மாட்டாயா? வருவேன் என்றாலும் சரி, வரமாட்டேன் என்றாலும் சரி, நான் தாங்கிக்கொள்வேன். ‘அது எதைப் பொறுத்தது என்றால்’ என்று மட்டும் ஆரம்பித்துவிடாதே, மக்கா.

அம்மா